செட் என்னும் சொல்லும் அதன் இரு குலங்களும்

ஆங்கிலத்தில் மூன்றெழுத்து, தமிழில் இரண்டு. இந்தப் பொடிச் சொல்லின் வினை வடிவத்தை விளக்க மட்டும் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பு ஏறத்தாழ 60,000 சொற்களைச் செலவழித்தது. ஒரு நாவலுக்குக் காணும். கண்ட பொருள்களோ 430. பின்னாளில் அகராதியைத் திருத்தியவர்கள் ‘ரன்’ என்ற வினைக்கு 645 பொருள் கண்டு, செட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். ஓடுகிறவன் முந்துவதும் உட்கார்ந்திருப்பவன் பிந்துவதும் உலக வழக்கே என்க.

உட்கார்ந்திருப்பவன் என்றது வெறும் பேச்சுக்கல்ல. பழைய ஆங்கிலத்தில் ‘சிட்டன்’ என்றால் உட்கார்தல். ‘செட்டன்’ என்றால் உட்கார வைத்தல். நம் இலக்கண வாத்தியார் கணக்கில் முன்னது தன்வினை, பின்னது பிறவினை. அமர், அமர்த்து என்பது போல. கோழியை முட்டைமேல் உட்கார வைத்தால் செட். விலகிய எலும்பை அதனிடத்தில் உட்கார வைத்துப் புத்தூர்க் கட்டுப் போட்டால் அதுவும் செட். உறை ஊற்றிய பால் ராத்திரியெல்லாம் அசையாமல் கிடந்து தயிரானாலும் செட்தான். மேற்கே சூரியன் இறங்கினாலும் செட். சூரியனை யார் உட்கார வைத்தார்கள்? ஆள் இல்லாத இடத்தில் பிறவினை எப்படி வந்தது? ஆங்கிலேயர் இங்கே இலக்கணத்தில் சறுக்கினார்கள் என்று துணிகிறேன்.

இந்த வினைக்குத் தமிழில் நேர் நிற்கத் தகுதியுள்ள சொல் ‘வை’ ஒன்றுதான். அலாரம் வைக்கிறோம், எலிப்பொறி வைக்கிறோம், கோழியை அடை வைக்கிறோம். கூடுதலாக, செட்டால் முடியாத குழம்பையும் வைக்கிறோம். இன்னொரு நுட்பம்: ஆங்கிலச் செட்டுக்கு நேற்றும் இன்றும் ஒரே உருவம். நாமோ ஒரே ஒரு ‘த்’தில் இரு வேறு வினைகளைப் பிரித்துவிடுகிறோம். மனைவி குழம்பு வைத்தாள். உப்பில்லை என்றதும் வைதாள்.

இனி இரண்டாம் குலம். நகை செட், மைக் செட், பம்பு செட் முதலியன வினையின் பிள்ளைகள் என்றே பலரும் நம்புகிறார்கள். இல்லை. கூட்டத்தைக் குறிக்கும் செட், பழைய பிரெஞ்சு வழியாக இலத்தீனின் ‘செக்டா’விலிருந்து வந்தது. ஒருவர் பின்னால் திரள்பவர்கள், கோஷ்டி, சமயப் பிரிவு என்பது அதன் பொருள். வினையோடு பழகிப் பழகி அதன் வாடையும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. ஆகவே, “அந்தச் செட்டோட சேராதே” என்று பிள்ளையைக் கண்டிக்கும் நம்மூர்த் தாய், நகைக்கடைக்காரரைவிடவும் மூலப்பொருளுக்கு நெருக்கமாக நிற்கிறாள். “எனக்கும் அவருக்கும் செட் ஆகலை” என்று பிற்பாடு அதே பிள்ளை மேலதிகாரியைப் பற்றிச் சொல்லும்போது, அது செட்டன் குலம். தமிழர் இரண்டையும் உகரம் கொண்டே பிரித்தனர் என்பது என் கருதுகோள்: கோஷ்டி என்றால் செட்டு, பொருத்தம் என்றால் செட். பம்பு செட்டு மட்டும் இந்த விதிக்கு அடங்க மறுக்கிறது. விவசாயிகளிடம் பேசிப் பார்க்கலாம்.

எஞ்சிய சிக்கல் செட் தோசை. இது எக்குலம்? களஆய்வுக்காகக் காலை ஏழு மணிக்கு ஓர் உணவகத்தில் அமர்ந்தேன், அதாவது, சிட்டன். தோளில் துண்டோடு வந்த பரிமாறுபவரிடம் கேள்வியை வைத்தேன். அவர் கல்லை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மாவு இன்னும் செட் ஆகலை சார். செட் தோசைக்குப் பத்து நிமிஷம் ஆகும்.”

முதல் செட் செட்டன். இரண்டாம் செட் செக்டா. ஒரே மூச்சில் இரு குலத்தையும் மயக்கமின்றி ஆண்ட அவருக்கு முனைவர் பட்டம் தருவது பற்றிப் பல்கலைக்கழகங்கள் ஆவன செய்ய வேண்டும்.

தோசை வர இருபது நிமிடம் ஆனது. மூன்று இருந்தன. வடகறி தீர்ந்துவிட்டது.