வட்ட மேசை போட்ட தேசம்

கேள்வி: துப்பாக்கி வெடிக்காமல் கம்யூனிச ஆட்சியை மாற்றிய நாடு உண்டா?

பதில்: போலந்து! 1989 பிப்ரவரியில் வார்சாவில் அரசும் ‘சாலிடாரிட்டி’ தொழிற்சங்கமும் வட்ட மேசையில் உட்கார்ந்து பேசின. ஏழு ஆண்டுகளுக்கு முன் இராணுவச் சட்டம் போட்டு, சங்கத் தலைவர் லெக் வலேசாவைக் காவலில் வைத்த அதே அரசுதான்!

ஜூன் தேர்தலில் கீழவையின் 35 சதவீத இடங்களில்தான் உண்மையான போட்டி. அத்தனையையும் சாலிடாரிட்டி அள்ளியது. மேலவையில் 100-க்கு 99. மிச்சமிருந்த ஒன்றும் ஆளுங்கட்சிக்குப் போகவில்லை, சுயேச்சைக்குப் போனது!

ஓட்டு மாறிவிட்டது. அடுப்பங்கரை?

1990 ஜனவரி 1 முதல், சாலிடாரிட்டி தலைமையில் அமைந்த புதிய அரசின் நிதியமைச்சர் பால்செரோவிச் பெரும்பாலான விலைக் கட்டுப்பாடுகளை நீக்கி, மானியங்களையும் வெட்டினார். அந்த ஒரே மாதத்தில் விலைவாசி சுமார் 80 சதவீதம் எகிறியது. காலியாகக் கிடந்த கடைகளில் சரக்கு நிரம்பியது, வாங்கத்தான் காசில்லை. 1993-ல் வேலையில்லாதோர் 16 சதவீதம். சாலிடாரிட்டி பிறந்த கதான்ஸ்க் கப்பல் கட்டும் தளமே 1996-ல் திவாலானது. புரட்சி செய்த தொழிலாளியின் தலையிலேயே அதன் செலவும் விழுந்தது பெரிய கொடுமை.

கோபத்தில் மக்கள் 1993-ல் பழைய கம்யூனிஸ்டுகளின் வாரிசுக் கட்சியை ஜெயிக்க வைத்தார்கள். அவர்கள் சந்தையையும் மூடவில்லை, தேர்தலையும் நிறுத்தவில்லை. 1997-ல் தோற்றதும் நாற்காலியை விட்டு இறங்கிவிட்டார்கள்.