வாடிக்கையாளர் புகார்: பொன்னியின் செல்வன், ஐந்தாம் பாகம்

அனுப்புநர்:
பகலில் இளங்கலை மாணவன்,
இரவில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுப் பயிற்சியாளன்,
சிப்காட் பின்புறம், ஓசூர்.

பெறுநர்:
உயர்திரு தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
பகுதி ஒன்று தமிழ்ப் பாடத்திட்டக் குழு.

பொருள்: பாடமாக வைக்கப்பட்ட நாவலின் முடிவில் கொலையாளி காணாமல் போனது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

நான் வேலை பார்க்கும் இடத்தில் பிரேக் பாகம் ஒன்றில் மயிரிழை அளவு கீறல் இருந்தால் போதும், வாங்கின கம்பெனியிலிருந்து புகார் வந்துவிடும். உடனே எய்ட்-டி ரிப்போர்ட் எழுத உட்கார வேண்டும். கீறல் ஏன் விழுந்தது என்று கேட்டு, கிடைத்த பதிலையும் ஏன் என்று கேட்டு, இப்படி ஐந்து தரம் கேட்டால் மூலகாரணம் அகப்படும் என்பது ஜப்பான்காரர்கள் சொல்லிக்கொடுத்த வித்தை. 'தெரியவில்லை' என்று எழுதினால் குவாலிட்டி மேனேஜர் ரிப்போர்ட்டைத் திருப்பி எறிவார். 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதினாலும் எறிவார். அது சோம்பேறிகளின் பதிலாம்.

இந்தப் பழக்கதோஷத்தோடுதான் நீங்கள் பாடமாக வைத்த 'பொன்னியின் செல்வ'னைத் திறந்தேன். ஐந்து பாகம், 293 அத்தியாயம். ஐந்து 'ஏன்'களுக்கு ஐந்து பாகம் என்று மனக்கணக்குப் போட்டுப் பூரித்தும் போனேன். மூன்றாம் ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்து, உடன் தங்கியிருக்கும் ஒடிசாக்காரர்கள் சமைக்கிற சத்தத்துக்கு நடுவே படித்தேன். கடைசியில் நீங்கள் சொல்லாமல் மறைத்த விஷயம் தெரியவந்தது. கடம்பூர் மாளிகையில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் செத்துக் கிடக்கிறான். அவனைக் கொன்றது யார் என்பதைப் புத்தகம் அடித்துச் சொல்லவில்லை.

சந்தேக நபர்களுக்கா பஞ்சம்? அறையில் நந்தினி இருக்கிறாள், மீன் சின்னம் பொறித்த வாளும் இருக்கிறது. மறைந்து நிற்கிறான் வந்தியத்தேவன். மாறுவேடத்தில் பெரிய பழுவேட்டரையர். பக்கத்திலேயே ரவிதாசனின் சதிக் கூட்டம். போதாக்குறைக்கு இருட்டு வேறு. எங்கள் லைனில் தப்பு நடந்தால் ஒப்புக்கொள்ள ஒருவர் வரமாட்டார், முந்தின ஷிப்டைக் கைகாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். சோழநாட்டில் என்னவென்றால் ஒப்புக்கொள்ள வரிசை நிற்கிறது. வந்தியத்தேவனைக் காப்பாற்ற மணிமேகலை தான்தான் கொன்றதாகச் சொல்கிறாள். பெரிய பழுவேட்டரையர் தாம் எறிந்த கத்தியே காரணம் என்று சொல்லி, விசாரணை முடிவதற்குள் தம்மையும் மாய்த்துக்கொள்கிறார். இத்தனை வாக்குமூலம் கையில் இருந்தும் ரிப்போர்ட்டின் 'மூலகாரணம்' கட்டம் காலி.

இரண்டாவது குறை, முடிசூட்டு விழா. புத்தகத்தின் பெயரே பொன்னியின் செல்வன். அவன் தலையில் மகுடம் ஏறும் என்று நம்பித்தானே அத்தனை பக்கம் புரட்டினோம்? அவனோ மகுடத்தை எடுத்து, அதுவரை பூத்தொடுத்துக்கொண்டிருந்த சேந்தன் அமுதன் தலையில் வைத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறான். ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாகச் சிகரம்' என்று பெயர் வைத்திருந்ததை முதலிலேயே கவனித்திருக்க வேண்டும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். பூக்காரர் ராஜாவானதில் இந்த ஊர்க்காரனுக்கு ஒருவகையில் பெருமையும் உண்டு. பேரிகை, பாகலூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் விளையும் ரோஜா, பிப்ரவரி 14-க்கு உலகம் பூராவும் விமானம் ஏறுகிறது. அதைப் பறித்துக் கட்டுகிறவர்கள் யாருக்கும் இதுவரை அரியணை கிடைத்ததாகத் தகவல் இல்லை.

மூன்றாவது குறை வட்டாரக் குறை. பொன்னியின் செல்வனான அருண்மொழி 985-இல்தான் ராஜராஜனாக முடிசூடுகிறான். கங்கபாடியும் நுளம்பபாடியும் அவன் கைக்கு வந்தது அதற்கும் பிறகு. அவன் மகன் ராஜேந்திரனின் கல்வெட்டு கோலாரம்மா கோயிலில் இன்றும் இருக்கிறது. ஓசூரிலிருந்து கோலார் என்ன தூரம்? அதாவது, கதாநாயகன் எங்கள் பக்கம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கதையை நிறுத்திவிட்டார்கள். காவிரிக் கரைக்காரர்களுக்கு 293 அத்தியாயம், எங்களுக்கு ஒரு பத்தி இல்லை.

இப்படிக் கோபப்பட்ட முதல் ஆள் நான்தான் என்று எண்ணியிருந்தேன். இல்லையாம். 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடங்கிய தொடர் 1954 மே மாதம் முடிந்தபோது, வாரம் தவறாமல் படித்த வாசகர்கள் அப்போதே மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். அவசரமாக முடித்துவிட்டீர்கள், அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று கேள்வி மேல் கேள்வி. நாவலை எழுதிய கல்கி கோபித்துக்கொள்ளவில்லை. தனியாக ஒரு முடிவுரை எழுதி, கதைமாந்தர்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று பொறுமையாகப் பதில் சொன்னார். சரித்திரக் கதையை எங்கே நிறுத்துவது என்ற சங்கடத்தையும் விளக்கினார். வாடிக்கையாளர் புகாருக்கு இவ்வளவு மரியாதையான பதிலை எங்கள் எஸ்டேட்டில் எந்தக் கம்பெனியும் எழுதி நான் பார்த்ததில்லை. அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி அவர் காலமானார். மிச்சத்தைப் பிறர் பார்த்துக்கொண்டார்கள். விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார், பாலகுமாரன் 'உடையார்' எழுதினார். கோபித்துக்கொண்ட ஒரு கூட்டம் இருந்ததால்தானே இத்தனை புத்தகம்?

ஆகவே முடிவைப் பற்றிய என் கோபம் எனக்கும் கல்கிக்கும் இடையில் உள்ளது. அதை நாங்கள் பேசித் தீர்த்துக்கொள்வோம். உங்களுக்கு எழுத வந்த காரணம் வேறு. அது வினாத்தாள்.

'ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? கதைப்போக்கின் வழி நிறுவுக.' பத்து மதிப்பெண்.

சந்தேக நபர்களை ஒவ்வொருவராக எடுத்து, யார்மேல் எவ்வளவு சந்தேகம் விழுகிறது, ஆசிரியர் எந்த இடத்தில் நழுவுகிறார் என்று எழுதி, கடைசியில் 'இன்னார் என்று ஆசிரியர் அறுதியிட்டுச் சொல்லவில்லை' என்று முடித்தேன். பத்துக்கு இரண்டு. பக்கத்தில் உட்கார்ந்த சூளகிரிக்காரன், பேருந்து நிலையத்துக் கடையில் வாங்கின நோட்ஸை மனப்பாடம் செய்து, 'நந்தினியே' என்று கொட்டை எழுத்தில் எழுதி இரண்டு கோடு போட்டான். எட்டு. இன்னொருவன் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. மணிரத்னம் 2022-லும் 2023-லும் எடுத்த இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு வந்து எழுதினான். படத்தில் சேந்தன் அமுதன் ராஜாவாவதே கிடையாது, இளவரசர் மதுராந்தகர்தான் அரியணை ஏறுகிறார். அவனுக்கு ஐந்து போட்டிருக்கிறீர்கள். பாதிப் படத்துக்குப் பாதி மார்க் என்று கணக்கோ?

இந்தச் சங்கதியை என் லைனில் நிற்கும் நண்பனிடம் புலம்பினேன். அத்திப்பள்ளியிலிருந்து தினமும் எல்லை தாண்டி வருகிறவன். வீட்டில் கன்னடம், லைனில் தமிழ், திட்டுவதற்குத் தெலுங்கு. அவன் சிரித்தான். "உங்க கரிகாலனோட பெரிய தாத்தா ராஜாதித்தனைத் தக்கோலத்துல கொன்னது எங்க கங்க ராஜா பூதுகன். கல்லுல வெட்டி வெச்சிருக்கோம். ஒளிவு மறைவே கிடையாதுப்பா" என்றான்.

உண்மைதான். 949-இல் நடந்த தக்கோலப் போரைப் பற்றிச் சொல்லும் ஆதகூர்க் கல் மண்டியா மாவட்டத்தில் கிடைத்தது, இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கல்லில் இன்னொரு மரணமும் பதிவாகியிருக்கிறது. காளி என்ற வேட்டை நாய் காட்டுப்பன்றியோடு சண்டை போட்டுச் செத்தது, பன்றியும் செத்தது. பாதிக்கப்பட்டவர் பெயர், எதிராளி, காரணம் எல்லாம் தெளிவு. எங்கள் மேனேஜர் பார்த்தால் அந்தக் கல்லில் அப்ரூவ்டு என்று சீல் குத்திவிடுவார்.

நம் பக்கத்துக் கல்லும் இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலானோரைச் சொல்லி, அவர்கள் குடும்பத்து நிலங்களைப் பறிமுதல் செய்த கதையைச் சொல்கிறது. வாளை வீசியது யார் கை, தூண்டிவிட்டது யார் என்பதற்கு அதிலும் பதில் இல்லை. கொலைக்கும் தண்டனைக்கும் நடுவே, ராஜராஜனுக்கு முன் அரியணையில் இருந்த உத்தம சோழனின் ஆட்சி முழுவதும் கழிந்திருக்கிறதே என்று நீலகண்ட சாஸ்திரியார் அவன்மேல் ஐயம் கொண்டார். அதெல்லாம் இல்லை, அவன் குற்றமற்றவன் என்று வாதாடினார் சதாசிவ பண்டாரத்தார். இருவரும் சோழர் வரலாற்றைக் கரைத்துக் குடித்தவர்கள். இன்றைக்கு உங்கள் தேர்வை எழுதினால் அவர்களில் ஒருவராவது கட்டாயம் அரியர் வைப்பார்.

ஐயா, கல்வெட்டு தயங்குகிறது. கதையெழுதியவர் தயங்கினார். வரலாற்றாசிரியர்கள் சண்டை போட்டார்கள். தயங்காதவர் ஒரே ஒருவர்தான்: உங்கள் விடைக்குறிப்பைத் தயாரித்தவர். கொலையாளியின் பெயர், அதற்கு எத்தனை மதிப்பெண், அடிக்கோடு போட்டால் எத்தனை என்பது வரை அவருக்குத் தெரிந்திருக்கிறது. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல வேண்டுமென்றால் ஒருவர் சம்பவ இடத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம்.

எனவே தாங்கள் கருணை கூர்ந்து, அன்றிரவு கடம்பூர் மாளிகையில் அவர் எந்தத் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார், விளக்கு இல்லாமல் எப்படிப் பார்த்தார், இத்தனை நூற்றாண்டாக ஏன் வாய் திறக்கவில்லை என்பதை எழுத்துமூலம் வாங்கி அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அது இயலாதென்றால் என் எட்டு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தாலும் போதும், வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மறுமதிப்பீட்டுக் கட்டணத்தைச் சம்பளம் வந்த பிறகு கட்ட அனுமதி வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பத்துக்கு இரண்டு.

நகல்: சம்புவரையர், உரிமையாளர், கடம்பூர் மாளிகை (தகவலுக்கும், தேவைப்பட்டால் அடையாள அணிவகுப்புக்கும்).