பேகன் வளைவில் போர்வை

எங்கள் வீடு மேற்கு மாம்பலம் லேக் வியூ ரோட்டுக்குப் பக்கத்தில். லேக்கும் கிடையாது, வியூவும் கிடையாது. அந்தக் காலத்தில் பரந்து கிடந்த ஏரியின் நீரை 1920களில் வடித்து தியாகராய நகரைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர் ஃப்ளாட்டின் ஏசி பெட்டியும் அதன்கீழ் காயும் வேட்டியும்தான். இப்படித் தெருப்பெயராலேயே ஏமாற்றப்பட்டவன், நாற்பத்தெட்டு வயதில் இயற்கையைத் தேடி ஒரு டென்ட் வாங்கியது குற்றமா?

“மூணே நிமிஷத்துல அடிச்சிடலாம் சார், ஒரு கொசு உள்ள வராது” என்றான் கடைப்பையன். முதல் பாதியை நம்பினேன். இரண்டாவதை மாம்பலத்துக்காரன் எவனும் நம்ப மாட்டான்.

அம்மா டென்ட்டைப் பார்த்தாள். “கரண்ட் போனா மொட்டை மாடியில பாயைப் போட்டுண்டு படுத்தவாதானேடா நாம? அதுக்குக் காசு குடுத்து மலைக்குப் போகணுமா?”

முதுமலைக் காட்டுக்குள் கூடாரம் போட வேண்டும் என்பதுதான் என் ஆசை. அலுவலக நண்பர் சிரித்தார். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் கால் வைத்தாலே வழக்கு. 2018-ல் குரங்கணிக் காட்டுத்தீயில் அத்தனை உயிர்கள் போன பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்துவிட்டன, வந்ததும் சரிதான். அம்மாவின் முழங்காலையும் காரின் வயதையும் கூட்டிப் பார்த்து, பொங்கல் விடுமுறைக்கு ஏலகிரி என்று முடிவு செய்தேன். சுமார் 230 கிலோமீட்டர்.

புறப்படும் நாள் காரில் டென்ட்டுக்கு இடமில்லை. காபி ஃபில்டர், மிளகாய்ப்பொடி தடவிய நாற்பது இட்லி, ஒரு அடுக்குப் புளியோதரை, அம்மாவின் வெந்நீர்ப் பை, தோசைத்திருப்பி. தோசைத்திருப்பி எதற்கு என்று கேட்டேன். “இருக்கட்டும்” என்றாள் மனைவி. நம் வீடுகளில் மூட்டை பெருப்பதெல்லாம் இந்த ஒரு சொல்லால்தான். டென்ட் என் பையன் மடியில் ஏறிக்கொண்டது.

ஆம்பூர் வந்ததும் பிரியாணி வாசனைக்காகக் கண்ணாடியை ஏற்றச் சொன்னாள் அம்மா. ஏற்றினேன். கொஞ்சம் மெதுவாக.

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பெயர் அல்லது வள்ளல் பெயர். பாவேந்தர், பாரதியார், திருவள்ளுவர் வரை எல்லோரும் கைதட்டி ரசித்தோம். கம்பரில் பையன் முகம் வெளுத்தது. கபிலரில் பேச்சு நின்றது. முல்லைக்குத் தேரையே கொடுத்த பாரியின் வளைவில், தன்னால் முடிந்தது என்று, வாலாஜாபேட்டையில் தின்ற நான்கு இட்லியையும் ஒரு செடிக்குக் கொடுத்துவிட்டான். அதியமான் வந்ததும் மனைவி தேன்நெல்லி டப்பாவைத் திறந்தாள். பையனுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. எனக்கு நீண்ட ஆயுள் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பேகன் வளைவில் சிலுசிலுவென்று காற்று. “ஏன்னா, போர்வைப் பையை எடுத்து வெச்சேளா?”

மயிலுக்குப் போர்வை தந்தவனின் பெயர்ப்பலகையை, பெண்டாட்டிக்குப் போர்வையை மறந்தவன் தலைகுனிந்தபடி கடந்தேன். தோசைத்திருப்பி பத்திரமாக இருந்தது.

விடுதிக்காரர் புல்தரையில் டென்ட் அடிக்க இடம் கொடுத்தார். மூன்று நிமிஷம் ஒன்றரை மணி நேரமானது. கம்பியை நுழைத்தால் துணி சுருண்டது. துணியை இழுத்தால் கம்பி எழும்பி மூக்கில் அடித்தது. கடைசியில் தோட்டக்காரர் வந்து, பீடியை வாயிலிருந்து எடுக்காமலே நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார். அம்மாவும் மனைவியும் அறை எடுத்துக்கொண்டார்கள். அந்த வாடகையும் நான்தான் கொடுத்தேன்.

இரவு பையனுக்கு வானம் காட்டினேன். அந்தப் பக்கம்தான் ஜவ்வாது மலை. அங்கே காவலூரில் வானம் இருட்டாகவும் தெளிவாகவும் இருக்கிறது என்றுதான் வானாய்வகம் வைத்து, 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கியையும் திறந்தார்கள் என்று விளக்கினேன். “அதோ பார், சிவப்பாக மின்னுகிறதே, அதுதான் செவ்வாய்.”

“அப்பா, அது செல்போன் டவர்.”

பிறகு அவனும் அறைக்குப் போய்விட்டான். குளிரில் டிராவல் பையைத் திறந்து, அதற்குள் கால்களை விட்டுக்கொண்டு படுத்தேன். கண் அசரும் நேரம் காதருகே ஒரு ரீங்காரம். ஒற்றைக் கொசு. ஏலகிரிக் கொசு அல்ல, குரலிலேயே தெரிந்துவிட்டது. டென்ட் மடிப்புக்குள் ஒளிந்து எங்களோடு மாம்பலத்திலிருந்து வந்திருக்கிறது. சுங்கக் கட்டணம்கூட அதற்கும் சேர்த்து நான்தான் கட்டியிருக்கிறேன். விடியும்வரை இருவரும் ஊர்க் கதை பேசிக்கொண்டிருந்தோம்.

பிரித்த டென்ட் திரும்பப் பைக்குள் போகவே இல்லை. பாதி மடிந்த நிலையில், அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் இன்னொரு மாமியார் மாதிரி உட்கார்ந்து வந்து சேர்ந்தது.

பங்குனி பிறந்தது. ஒரு காலை மொட்டை மாடிக்குப் போனால், டென்ட் நிமிர்ந்து நிற்கிறது. அம்மா தனியாக அடித்திருக்கிறாள். வலைக்கூரைக்கு அடியில் வரிசை வரிசையாக அரிசி வடாம். கைப்பிடிச் சுவரில் நான்கு காக்கைகள் செய்வதறியாது உட்கார்ந்திருந்தன.

“நல்ல சாமான்டா” என்றாள் அம்மா. “அடுத்த தடவை மலைக்குப் போறச்சே இன்னொண்ணு வாங்கிக்கோ. ஜவ்வரிசி வடாத்துக்குத் தனியா வேணும்.”