அப்பாரு பிடிச்ச ஏர்

வா அப்புனு, உக்காரு. லாரிக்குப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு, இந்தக் கெழவனுக்கு மட்டும் கடைசியில. பரவால்ல. கறுப்புக் கண்ணாடி இருக்குது, கழுத்துல துண்டு இருக்குது, போன்ல ஸ்டீயரிங்கைப் புடிச்சமேனிக்கு போட்டோவும் இருக்குது. டிரைவருக்கு வேண்டியதெல்லாம் சேத்திட்டே. லைசென்ஸு?

ஓஹோ, கார் லைசென்ஸு எடுத்து எட்டே மாசந்தானா! அப்ப இன்னும் நாலு மாசம் என்ற திண்ணையில உக்காந்து கதை கேளு. சின்ன வண்டி லைசென்ஸு வாங்கி ஒரு வருசம் ஆனாத்தான் பெரிய வண்டிக்குப் பழகுற லைசென்ஸே தருவாங்க. 20 வயசும் முடிஞ்சிருக்கோணும். முந்தியெல்லாம் எட்டாங் கிளாஸு தேறியிருக்கோணும்னு வேற இருந்துச்சு. அதை 2019ல எடுத்துட்டாங்க. உன்னைய நெனச்சுத்தான் எடுத்தாங்கன்னு உங்காத்தா சொல்லிட்டுத் திரியறா. நானும் மறுத்துப் பேசல.

உங்கப்பாரு, அதான் எங்கண்ணன், ஏர் புடிச்சாரு. நீயும் ஏரைத்தான் புடிக்கப் போறே. அவரு ஏரை மாடு இழுத்துச்சு, உன்ற ஏர் டேங்குக்குள்ள இருக்குது. வண்டியை நிறுத்தறது உன்ற கால்னு நெனச்சுக்காதே. கால் வெறும் கதவைத்தான் தொறக்குது, நிறுத்தறது காத்து. அதனால வெடியால வண்டியை ஸ்டார்ட் பண்ணுனதும் பாட்டைப் போட்டுட்டுப் பறக்காதே. மீட்டர்ல முள்ளு ஏறுற வரைக்கும் சித்த நேரம் பொறு. அந்த நேரத்துல கீழ எறங்கி, டேங்குல தண்ணி கட்டியிருந்தா தொறந்து விடு. பொறகு டயர் கழட்டற லீவரை எடுத்துட்டுப் போயி டயரைத் தட்டு.

சிரிக்காதே. பத்து வீல் வண்டியில பின்னால எட்டு டயரும் ஜோடி ஜோடியா நிக்கும். உள்பக்கத்து டயர்ல காத்து எறங்கிப் போனாலும் வெளிப்பக்கத்தவன் தாங்கிப் புடிச்சுக்குவான், கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது. நம்ம பங்காளிக மாதிரி. லீவர்ல ஒரு தட்டுத் தட்டுனா நல்ல டயர் ணங்குன்னு துள்ளும். காத்துப் போனது தொப்புன்னு, நனைஞ்ச மூட்டை மேல அடிச்ச மாதிரி கேக்கும். நான் கிளீனரா இருந்த மூணு வருசமும் இந்தச் சத்தம் கேக்கத்தான் படிச்சேன். தப்பாச் சொன்னா லீவர் என்ற முதுகுல பேசும். இப்பக் கிளீனரே கெடைக்கறதில்ல. டயரும் நீயுந்தான் பேசிக்கோணும்.

அட, மலை எறங்கறதைப் பத்தி உனக்குச் சொல்லோணுமா? டீசல் மிச்சம் புடிக்க நியூட்ரல்ல விடலாம்னு உன்ற சிநேகிதன் சொல்லிக் குடுத்துட்டானாமே. நல்ல பையன். எனக்கும் அப்படி ஒருத்தன் இருந்தான். நாசிக்ல வெங்காயம் ஏத்தி வாறேன். தர்மபுரி தாண்டி, சேலத்துப் பக்கம் எறங்குற தொப்பூர் கணவாய். விடியக் கருக்கல், ரோடு காலி. கெட்டிக்காரத்தனமா நியூட்ரல் போட்டேன். ஆகா, தேர் போற மாதிரிப் போச்சு! மொத வளைவுல பிரேக்கு புடிச்சுச்சு. ரெண்டாவதுல புடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் லைனர் கருகுற வாசம் கேபினுக்குள்ள வந்துச்சு. மிதிக்க மிதிக்க ஏர் முள்ளு எறங்குது, கியரு மறுபடி விழ மாட்டேங்குது. தெரிஞ்ச சாமியெல்லாம் கூப்புட்டு முடிச்சு, பீச்சாங்கைப் பக்கம் மண்ணுக் கரையில வண்டியை ஒரசி ஒரசித்தான் நிறுத்துனேன். மிச்சம் புடிச்ச டீசல் ஒண்ணரை லிட்டர் இருக்கும். ரோட்டுல ஓடுன வெங்காயம் பதினேழு மூட்டை. உரிக்காம வெங்காயத்துக்கு அழுதவன் இந்த ஜில்லாவுல நான் ஒருத்தன்தான்.

எந்தக் கியர்ல அந்த மேட்டை ஏறுவயோ அதே கியர்ல எறங்கு. எஞ்சினே வண்டியை இழுத்துப் புடிச்சுக்கும். நீ அப்பப்பப் பிரேக்கைத் தொட்டாப் போதும். பின்னால கார்க்காரன் ஆரன் அடிப்பான். அடிக்கட்டும். அவனுக்கு ஆபீசுக்கு நேரமாச்சு, நமக்கு இல்ல.

வடக்க போகோணும்னு ஆசையாக்கும்? போ போ. இங்கிருந்து ஜவ்வரிசி ஏத்திட்டுப் போனா மகாராட்டிரத்துல விரதம் இருக்கறவங்க உன்னைய வாழ்த்துவாங்க. அரிசி, பருப்பு, மொளகாத்தூள், ஸ்டவ்வு எல்லாம் கேபின்ல எடுத்து வெச்சுக்க. பத்து நாளைக்கு ரொட்டி தின்னா உன்ற வயிறு வேலைநிறுத்தம் பண்ணும். எறக்குற எடத்துல மூணு நாள் நிறுத்திப் போடுவாங்க. அங்க உன்ற கறுப்புக் கண்ணாடியைப் பாக்க ஆளிருக்காது. ரசீதுல கையெழுத்து வாங்கறதுக்குள்ள இந்தி தானா வந்துரும்.

இன்னொண்ணு, தூக்கம். கணக்குப் போட்டாங்க பாரு, கம்ப்யூட்டர்ல எடுக்கற சரக்குச் சீட்டு, அதான் இ-வே பில்லு, 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும்னு. மொதலாளி கணக்கு அதைவிட வேகம். மோட்டார் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரந்தான் வேலைன்னு 1961லயே சட்டம் வந்துருச்சு. முப்பத்திரெண்டு வருசம் ரோட்டுல கெடந்தேன், ஒரு சுங்கச்சாவடியிலகூட அந்தச் சட்டத்தை நான் பாக்கல. 2025 அக்டோபர்லிருந்து செய்யுற லாரிக்கெல்லாம் கேபின்ல ஏ.சி. கட்டாயம்னு ஆயிருச்சு. நாங்க எஞ்சின் சூட்டுல வெந்து முழிச்சிருந்தோம், நீங்க குளுகுளுன்னு தூங்குங்க. ஆனா வண்டியை ஓரங்கட்டிட்டுத் தூங்கு. வெடியால மூணு மணிக்கு மேல ரோட்டுல எருமை நிக்கற மாதிரித் தெரியும். அங்க எருமை இருக்காது. இருந்தாலும் நீ சொல்லிட முடியாது, அதுதான் சங்கடம். அந்த நேரத்துல டீ குடிச்சா தூக்கம் போயிரும்னு சொல்றவன் டீக்கடைக்காரன்.

நேராப் போறதுக்கு ரோடே கூட்டிட்டுப் போயிரும், அதுக்கு நீ எதுக்கு? நிறுத்தறதுக்கும் பின்னால எடுக்கறதுக்குந்தான் டிரைவர் வேணும். சந்துக்குள்ள, மழையில, குடோன் வாசப்படிக்கு நேரா ரிவர்ஸ் எடுத்துப் பாரு. கீழ நிக்கறவன் "வரலாம், வரலாம்"னு கூப்புடுவான். அவனுக்கென்ன, அவன் செவுரு இல்லையே. அவன் "ஓல்டான்"னு கத்துறதுக்கு அரை அடி முன்னாலயே உன்ற கால் நின்னிருக்கோணும். எனக்கு அது வர ஏழு வருசமாச்சு. அதுக்குள்ள மூணு செவுரு, ஒரு வேப்பமரம், ஒரு ஆள் இல்லாத டீக்கடை போச்சு.

பயந்துட்டயா? இல்லையாமா. நல்லது. அப்ப நாளைக்கு வெடியால வா, என்ற பழைய லீவர் அட்டாலியில கெடக்குது, தேடித் தாறேன். தட்டிப் பழகறதுக்கு நம்ம டிராக்டர் டயர் இருக்குது.

இப்ப மொதல்ல வாசல்ல குறுக்காட்ட நிறுத்தியிருக்கற உன்ற பைக்கை எடு. மாடு தண்ணிக்குப் போக வழியில்லாம அரை மணி நேரமா நிக்குது.