பதினொரு மணிப் பசி

கேள்வி: ஞாயிறு பதினொரு மணிக்கு ‘பிரஞ்ச்’ சாப்பிட கஃபேக்கு வாங்க என்கிறாள் மகள். காலையிலும் சேராமல் மதியத்திலும் சேராமல் இது என்ன பழக்கம்?
– வாசகர், கிள்ளான்

பதில்: தோட்டத்தில் நம் பாட்டிமார்களின் பழக்கம்தான். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரையை முழுக்கச் சீவி முடித்து, மங்கில் பால் இறங்கும் இடைவெளியில் தூக்குச்சட்டியைத் திறந்தார்களே, அது பிரஞ்ச் இல்லாமல் வேறென்ன? அவகாடோ மட்டும்தான் குறை. தயங்காமல் போங்கள்.

பதிலுக்கு, அடுத்த ஞாயிறு அவளை ஏழு மணிக்கே எழுப்பி ஜாலான் தெங்கு கிளானாவுக்கோ பிரிக்ஃபீல்ட்ஸுக்கோ பசியாற அழைத்துப் போங்கள். கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வரும் தோசை, குழம்பில் மிதக்கும் ரொட்டி சானாய், நுரை தளும்பும் தே தாரிக். பக்கத்து மேசையில் மலாய்க் குடும்பம், எதிரே சீனத் தாத்தா. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் மூன்றையும் முன்வைத்து மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் மரபுப் பட்டியலில் சேர்த்ததே, அது இந்த மேசைகளுக்கும் சேர்த்துத்தான். எனக்கு அதில் அத்தனை பெருமை.

தோசைக்கு நீங்கள் பணம் கட்டுங்கள். கஃபே பில் மகளுடையது.