பெருவிரல் பத்திரம், பேராண்டி!

ஏலே பேராண்டி, வேலை உத்தரவோட சேர்த்து சோஷியல் மீடியா பாலிசின்னு பத்துப் பக்கம் கொடுத்தாங்களாமே? படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்க. நல்ல பிள்ளை. படிச்சிருந்தா தூக்கம்லா போயிருக்கும்! அந்தக் கண்ணாடியை எடு, தாத்தன் படிச்சுச் சொல்லுதேன்.

கம்பெனி பேர் கெடும்படி எழுதக்கூடாது. சம்பளத்தைப் பத்திப் பேசக்கூடாது. மேனேஜரைக் கிண்டல் பண்ணக்கூடாது. லீவு நாளுக்கும் இது பொருந்தும். சரி, கடைசிப் பக்கத்தைப் பாரு: கம்பெனி போடுத பதிவை எல்லாரும் அவங்கவங்க பக்கத்துல பகிரணுமாம். புகழும்போது உன் பேஸ்புக் கம்பெனியோட விளம்பரம். புலம்பும்போது அதே பேஸ்புக் கம்பெனியோட மானம். ரீசார்ஜ் காசு மட்டும் உன்னுது. பெரிய மனசுக்காரங்க, அதையாவது உனக்கு விட்டு வச்சாங்களே!

“பேச்சுரிமை இருக்கே தாத்தா”ன்னு மீசையை முறுக்காத. அரசியல் சட்டத்துல 19-ஆவது பிரிவு இருக்கத்தான் செய்யுது. ஆனா அதைப் பெரும்பாலும் சர்க்காருக்கு முன்னாலதான் நீட்டுவாங்க. உன் முதலாளி சர்க்கார் இல்லியே. தமிழ்நாட்டுச் சர்க்கார் உத்தியோகஸ்தனுக்கோ 1973-ஆம் வருஷத்து நடத்தை விதிகள் இருக்கு. வாயைத் தொறந்தா 17-பின்னு குற்றச்சாட்டு மெமோ வரும். இருந்தாலும் அவனுக்குக் கோர்ட்டு வாசல் தெரியும். திரிபுராவுல மீன்வளத்துறை அம்மா ஒருத்தரை, கட்சிக் கூட்டத்துக்குப் போனாங்க, பேஸ்புக்ல எழுதினாங்கன்னு ரிட்டயர் ஆகப்போற நேரத்துல சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. சர்க்கார் வேலைக்கு வந்ததால பேச்சுரிமை போயிடாதுன்னு 2020-ல அந்த ஊரு ஹைகோர்ட்டு சொல்லிச்சு.

நம்ம மதுரைக் கோர்ட்டு 2023-ல இன்னும் ஒரு படி மேல போச்சு. தமிழ்நாடு கிராம வங்கியில ஒரு சங்கத்துக்காரர் வாட்சப் குழுவுல மேலதிகாரிகளைச் சீண்டி எழுதினார்னு சார்ஜ் மெமோ கொடுத்தாங்க. நீதிபதி மெமோவை ரத்து பண்ணிட்டு, மனக்குறையைக் கொட்டித் தீர்க்க ஊழியருக்கு உரிமை உண்டு, கொட்டினா நிறுவனத்துக்கே நல்லது, பேருக்குச் சேதம் வந்தாத்தான் நிர்வாகம் தலையிடலாம்னார். இதை மனசுல வச்சுக்க. மேனேஜர் அறையில போய் வாசிச்சுக் காட்டாத.

எழுதாம லைக் மட்டும் போட்டாத் தப்பிச்சுக்கலாம்னு நினைக்காத. அமெரிக்காவுல வர்ஜீனியாப் பக்கம் ஷெரிப் ஆபீஸ்காரர் ஒருத்தர், ஷெரிப்பை எதிர்த்துத் தேர்தல்ல நின்னவருக்கு லைக் போட்டார், வேலை போச்சு. லைக்கும் பேச்சுதான்னு அப்பீல் கோர்ட்டு சொல்ல 2013 ஆயிடுச்சு. நாங்க பெருவிரல் உருட்டி நிலத்தை எழுதிக் கொடுத்தோம், நீங்க பெருவிரல் தூக்கி வேலையை எழுதிக் கொடுக்கீங்க. படிப்பு வளர்ந்திருக்குல!

அதனால புத்தி சொல்லுதேன், கேளு. மேனேஜர் பதிவுக்கு விடிஞ்சதும் ஒரு ஹார்ட்டு போடு. முதல் ஆளாப் போடாத, காக்கா பிடிக்கான்னு சொல்லுவாங்க. கடைசி ஆளாவும் போடாத, காரணம் கேப்பாங்க. “கருத்துகள் என் சொந்தக் கருத்துகளே”ன்னு முகப்புல எழுதிக்க. அவங்க அனுப்புத மெமோவும் உன் சொந்தப் பேருக்குத்தான் வரும். பகல்ல பக்கம் பார்த்துப் பேசு, ராத்திரி அதுவும் பேசாதேன்னு பெரியவங்க சொன்னாங்க. அப்போ ஸ்கிரீன்ஷாட் கிடையாது. காலையில “சூப்பர் மச்சி”ன்னவன்தான் சாயங்காலம் எச்.ஆர். மேசையில கொண்டுபோய் வைப்பான்.

நிஜமாவே குறை இருந்தா தனியாப் புலம்பாத. சம்பளம், ஓவர்டைம், லீவுன்னு விஷயத்தை மட்டும் எழுது. கெட்ட வார்த்தை வேண்டாம், கம்பெனி ரகசியம் வேண்டாம், ஆதாரம் வேணும், கூட பத்துப் பேர் வேணும். அமெரிக்காவுல 1935-லயே, தொழிலாளிங்க கூடிப் பேசினாப் பாதுகாப்புன்னு சட்டம் போட்டுட்டாங்க; இப்போ அது பேஸ்புக் பேச்சுக்கும் செல்லுது. நம்ம ஊர்ல சங்கம்தான் கதி. ஒருத்தன் சொன்னா ஒழுங்கீனம். நூறு பேர் சொன்னா கோரிக்கை.

இதையெல்லாம் ஸ்டேட்டஸ்ல போடணும்னு கை அரிச்சா, தாத்தன் சொன்னதுன்னு என் பேரைப் போட்டே எழுது. என்னைத் தூக்க எந்த எச்.ஆராலயும் முடியாது, அதுக்கு நாலு பேர் வேணும்.