பூனை இளைக்கட்டும், பர்ஸ் இளைக்க வேண்டாம்!

பூனை வளர்ப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கே இந்த வாரம் முழுப் பக்கமும். எடை குறைய வேண்டும், பூனையின் நாக்குக்கும் பிடிக்க வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது. மூன்றும் நியாயமான ஆசைகள். மூன்றுக்கும் வழி இருக்கிறது.

எங்கள் லட்டு ஆறு கிலோ. வீட்டில் எல்லோரும் "பூசினாற்போல இருக்கிறான்" என்று கொஞ்சுகிறார்கள். பூசியிருக்கிறதா, பூதமாகிவிட்டதா, எப்படிக் கண்டுபிடிப்பது?
*– வாசகி, திருச்சி*

விலாவில் கை வையுங்கள். லேசாகத் தடவும்போதே எலும்புகள் வரிசையாகத் தட்டுப்பட்டால் எடை சரி. அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கூடுதல். மேலிருந்து பார்க்கும்போது விலாவுக்குப் பின்னால் இடுப்பு கொஞ்சம் உள்வாங்கியிருக்க வேண்டும். நடக்கும்போது அடிவயிற்றில் ஆடும் தோல் மடிப்பை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அது ஒல்லிப் பூனைக்கும் உண்டு. நம் ஊர்ப் பூனைகள் பெரும்பாலும் 3 முதல் 5 கிலோவுக்குள் இருக்கும். லட்டுவுக்கு உரிய எடை நாலரை கிலோ என்று டாக்டர் சொன்னால், அவன் சுமப்பது மூன்றில் ஒரு பங்கு அதிகம். சர்க்கரை நோயும் மூட்டு வலியும் அந்தச் சுமையோடு சேர்ந்தே வரும். கொஞ்சுவதை நிறுத்த வேண்டாம், அளப்பதைத் தொடங்குங்கள்.

டிரை ஃபுட் மலிவு, கெடாது, கொட்டினால் வேலை முடிந்தது. பிறகு எதற்கு இந்த வெட் ஃபுட்?
*– வாசகர், சேலம்*

தண்ணீருக்காக! வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப் பூனை. இரையின் உடலில் இருந்த ஈரத்திலேயே காலம் தள்ளிய இனம் அது. அதனால் இன்றும் தாகம் குறைவு. டிரை ஃபுட்டில் ஈரம் சுமார் 10 சதவீதம், வெட் ஃபுட்டில் 75 முதல் 80 சதவீதம். சிறுநீரை நீர்த்துப்போகச் செய்ய இந்த ஈரம் உதவும். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் அது உயிர் போகிற விஷயம்.

எடைக்கும் இதில் லாபம் உண்டு. 100 கிராம் டிரை ஃபுட்டில் ஏறக்குறைய 350 முதல் 400 கலோரி. அதே 100 கிராம் வெட் ஃபுட்டில் 70 முதல் 100 வரைதான். தட்டு நிறைந்திருக்கும், வயிறும் நிறையும், கலோரி மட்டும் குறையும்.

மூன்று வேளையும் பாக்கெட் வாங்கினால் என் பட்ஜெட்டில் துண்டு விழுகிறது. மத்தியதர வர்க்கப் பூனைக்கு என்ன வழி?
*– வாசகி, மதுரை*

கணக்குப் போட்டுவிடுவோம். நாலரை கிலோவுக்கு இறங்க வேண்டிய பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 170 கலோரி போதும். 80 கிராம் பாக்கெட்டில் 64 கலோரி, விலை 45 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட் ஃபுட் மட்டுமே கொடுத்தால் நாளுக்கு 2.7 பாக்கெட், மாதம் 3,600 ரூபாய்.

அதற்குப் பதில் ஒரு பாக்கெட் வெட் ஃபுட், 30 கிராம் டிரை ஃபுட். டிரை ஃபுட் கிலோ 400 ரூபாய் என்றால் அந்த 30 கிராம் 12 ரூபாய். கலோரி அதேதான், மாதச் செலவு 1,700 ரூபாய்ச் சொச்சம். பாதிக்கும் கீழே!

ஒரே நிபந்தனை: அந்த 30 கிராமைக் கிச்சன் தராசில் நிறுத்துப் போட வேண்டும். கையால் அள்ளிப் போட்டால் 30 என்பது 50 ஆகிவிடும், உங்களுக்கே தெரியாது. 400 கிராம் டின் கிடைத்தால் கிராம் கணக்கில் இன்னும் மலிவு. திறந்த டின்னை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். மீந்து குப்பைக்குப் போகும் உணவைவிட விலை கூடியது வேறில்லை.

கடையில் பத்து வகை பாக்கெட். விலை அதிகமானதுதான் நல்லதா?
*– வாசகர், கோவை*

விலையைப் பார்க்கும் முன் பாக்கெட்டைத் திருப்புங்கள். 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்று எழுதியிருந்தால் அது முழு உணவு. 'காம்ப்ளிமென்டரி' என்றிருந்தால் தொட்டுக்கொள்ள மட்டும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அதையே தினசரி உணவாக்கக் கூடாது. அழகாகப் பிய்த்துப் போட்ட டூனா டின்களில் பல இந்த ரகம்.

அடுத்து, டாரின் என்ற சத்து சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். பூனையின் உடல் இதைத் தேவையான அளவு தயாரித்துக்கொள்ளாது. டாரின் குறைந்தால் இதயத் தசை தளர்ந்து நோயாகிறது என்பதை 1987இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்த பிறகு, கம்பெனிகள் உணவில் அதன் அளவைக் கூட்டின.

புரதத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். டிரை ஃபுட்டில் 32 என்றும் வெட் ஃபுட்டில் 10 என்றும் போட்டிருக்கும். 80 சதவீத ஈரத்தைக் கழித்தால் மிச்சமிருப்பது 20; அதில் 10 புரதம் என்றால் சரிபாதி! டிரை ஃபுட்டை அதே கணக்கில் கழித்தால் 36தான் வரும். இந்தப் பரீட்சைகளில் தேறிய பாக்கெட்டுகளில் எது மலிவோ, அதைத் தயங்காமல் வாங்குங்கள்.

எங்கள் வீட்டு மகாராணி கிரேவியை மட்டும் நக்கிவிட்டுத் துண்டுகளை அப்படியே விட்டுப் போகிறாள். என்ன செய்ய?
*– வாசகி, தஞ்சாவூர்*

மகாராணிக்குத் துண்டு பிடிக்கவில்லை, உணவு பிடித்திருக்கிறது. துண்டுகளை முள்கரண்டியால் மசித்து, ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டுக் குழைத்துக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த தடவை மசித்தாற்போல வரும் வகையையே வாங்கலாம்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராக வைத்தால் பல பூனைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பூனை முதலில் சாப்பிடுவது மூக்கால். நமக்கு ஆயிரக்கணக்கில் சுவை மொட்டுகள். அதற்குச் சில நூறுதான், இனிப்பு என்பதே தெரியாது. டம்ளரில் சூடான தண்ணீர் ஊற்றிப் பாக்கெட்டை அதில் சில நிமிடம் நிறுத்தி வையுங்கள். வெதுவெதுப்பாகி வாசம் கிளம்பியதும், வாலை நிமிர்த்திக்கொண்டு அவளே சமையலறைக்கு வந்துவிடுவாள்.

புது வகைக்கு மாறும்போது பழையதில் கால் பங்கு கலந்து தொடங்கி, ஏழு முதல் பத்து நாளில் முழுதாக மாற்றுங்கள். பிடிக்குமா என்று தெரியும் முன் டஜன் கணக்கில் வாங்கி அடுக்காதீர்கள்.

"ரெண்டு நாள் பட்டினி போடு, தன்னால வழிக்கு வரும்" என்கிறார் என் மாமியார். செய்யலாமா?
*– வாசகி, திண்டுக்கல்*

கூடவே கூடாது! மாமியாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். குண்டுப் பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தால், உடம்பில் சேர்ந்த கொழுப்பு மொத்தமாகக் கல்லீரலுக்குப் போய்ச் சேரும். கல்லீரல் செயலிழந்து உயிரே போகலாம். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால், பிடிவாதம் என்று நினைத்துக் காத்திருக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பல் வலியோ வாய்ப்புண்ணோ கூட காரணமாக இருக்கலாம்.

நாங்கள் சாப்பிடும் மீன் குழம்பும் தயிர் சாதமும் போட்டால் செலவே இல்லையே?
*– வாசகர், நாகப்பட்டினம்*

குழம்பில் வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன. இரண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சமைத்தாலும் அந்தக் குணம் போகாது. தயிர் சாதத்தில் மாவுச்சத்துதான் மிகுதி, பூனைக்குத் தேவையான இறைச்சிப் புரதம் இல்லை. பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும்.

உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்து, எலும்பும் முள்ளும் நீக்கிய கோழியோ மீனோ கொஞ்சம் கொடுக்கலாம், நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள். 170 கலோரிப் பூனைக்கு அது பத்து கிராம் கோழி. அதையும் வெட் ஃபுட்டின் மேல் தூவினால் அடம்பிடிக்கும் பூனை தட்டைக் காலி செய்யும்.

எத்தனை நாளில் பழையபடி மதில் மேல் பூனையாகும்?
*– வாசகர், ஈரோடு*

அவசரப்படாதீர்கள். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் குறைந்தால் போதும். ஆறு கிலோப் பூனைக்கு அது 30 முதல் 60 கிராம். ஒன்றரை கிலோ குறைய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகலாம். பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துப் பாருங்கள். மாதம் ஒருமுறை பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். கருத்தடை ஆபரேஷன் ஆன பூனைக்குப் பசி கூடும், தேவை குறையும்; அதற்கு அளவு இன்னும் முக்கியம்.

கடைசியாக ஒன்று: பூனைக்கு யார் மணி கட்டுவது?
*– வாசகி, சென்னை*

மணி வேண்டாம், தராசு போதும். பாட்டி ஒரு பிடி, பேரன் ஒரு பிடி, அப்பா ராத்திரி ஒரு பிடி என்று ஆளுக்கொரு பக்கம் போட்டால் எந்த வெட் ஃபுட்டும் பலிக்காது. வீட்டில் ஒருவர் பொறுப்பேற்கட்டும். காலையிலேயே அன்றைய அளவை ஒரு டப்பாவில் நிறுத்து வைக்கட்டும். யார் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான். தொடங்கும் முன் ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டி, உங்கள் பூனைக்கான இலக்கு எடையைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.